பயறும் கிழங்கும் அடங்கிய சுருள் ரொட்டி

மெக்ஸிகோ தேசத்தின் வடபகுதி ஜனங்கள் கோதுமை ரொட்டியில் வெந்த பயற்றை வைத்துச் சுருட்டி உண்பர். இதற்குப் புரீட்டோ என்று பெயர். சர்க்கரைவள்ளி, மரவள்ளி, உருளை ஆகிய கிழங்குகள் அமெரிக்கக் கண்டத்திலிருந்தே நம் நாட்டிற்கு வந்தவை. 1966-ம் வருஷம் இந்திய சர்க்கார் மெக்ஸிகோவிலிருந்து தருவித்த 18,000 டன் கோதுமை விதையில் ஒரு ரகம், அந்நாட்டுச் சொனோரா மாகாணத்தின் பெயரையே தாங்கியிருந்தது. ஆகவே இப்பண்டம் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

தானியத்தில் குறைவாயுள்ள லைசின் என்னும் சத்து பயற்றில் மிகுதி. பயற்றில் குறைவாயுள்ள மெத்தியோனின் தானியத்தில் உண்டு. இரண்டையும் சேர்த்து உண்பதால் மாமிசம் புசியாதவர்க்கும் புஷ்டி குறையாது. சென்னையில் அடையாற்றின் தென்கரையிலுள்ள கோட்டூர்புரத்தில், 2010-ல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்திற்குப் படிக்க வருவோர்க்கும், கிராமத்தில் வயலுக்குச் செல்வோர்க்கும் கட்டிக்கொண்டு போக ஏற்ற ஆகாரம் இது. பட்டணங்களில் இவ்வழக்கம் பரவின், பயறும் கிழங்கும் விளைவிப்போர்க்கே லாபம்.

சாமான்கள் (8 ரொட்டிக்கு)

காராமணி 200 கிராம், சேனைக்கிழங்கு 250 கிராம், சர்க்கரைவள்ளிக்கிழங்கு 250 கிராம், கோதுமை மாவு 400 கிராம், வெங்காயம் 2, தக்காளி 2, மிளகாய்வற்றல் 4, சீரகம் ஒரு தேக்கரண்டி, எலுமிச்சம்பழம் 1, சிறிது புளி, மஞ்சள்தூள், உப்பு, எண்ணெய்.

செய்முறை

காராமணியை இரவில் ஊறவைத்து, மறுநாள் அந்நீரை இறுத்துவிட்டுப் புது நீரில் மெத்தென வேகவைக்கவேண்டும். பாதியை மசித்துக்கொண்டால் பூரணம் இறுகிச் சேரும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சேனையின் தோலைச் சீவி, சிறு துண்டுகளாக்கி, புளிநீரும் மஞ்சளும் சேர்த்து வேகவைத்து நீரை வடித்துவிடவேண்டும். இதனால் அரிப்பு நீங்கும். சர்க்கரைவள்ளியைத் தனியே வேகவைத்துத் தோலுரித்துத் துண்டாக்கலாம்.

எண்ணெயில் சீரகம், மிளகாய், வெங்காயம், தக்காளி இவற்றை முறையே வதக்கி, பயற்றையும் கிழங்குகளையும் உப்புடன் சேர்த்து ஈரம் வற்றக் கிளறி இறக்கி, எலுமிச்சை பிழியவேண்டும். எலுமிச்சையின் புளிப்பினால் பயற்றிலுள்ள இரும்புச் சத்து உடலில் நன்கு சேரும்.

மாவை வெதுவெதுப்பான நீரில் பிசைந்து அரைமணி மூடி வைத்து, மெல்லிய பெரிய ரொட்டிகளாக இட்டு, மொறுமொறுப்பாகாமல் சுட்டுத் துணியில் மூடி வைக்கவேண்டும். ஆறிக் காய்ந்த ரொட்டி சுருட்டுகையில் கிழியும். பூரணத்தை நடுவிலிட்டு, இரு பக்கங்களையும் உள்ளே மடித்து இறுகச் சுருட்டி, மடிப்புப் பாகம் கீழிருக்கத் தோசைக்கல்லில் சற்றே வாட்டினால் பிரியாது. காலையில் செய்ததை நண்பகலுக்குள் உண்டுவிடவேண்டும்.

எச்சரிக்கை

காராமணிக்குப் பதிலாக ராஜ்மாவை உபயோகிப்போர் மிக்க ஜாக்கிரதையுடன் இருத்தல் வேண்டும். அரைவேக்காடான ராஜ்மா கடும் வாந்தியையும் பேதியையும் உண்டாக்கும். சிறு தணலில் நெடுநேரம் வைப்பது போதாது. ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் அரைமணி நேரம் தளதளவெனக் கொதிக்கவிட்டு, பின்னர் மசியும்வரை வேகவைக்கவேண்டும். கூன்வண்டு துளைத்துக் கசப்பேறிய சர்க்கரைவள்ளியை நறுக்கிச் சரிசெய்து உண்ணலாகாது, முழுவதையும் தள்ளிவிடவேண்டும்.

சாகுபடியாளர் கவனிக்க

காராமணியின் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தைக் கிரகித்து நிலத்திற்கும் உதவுகின்றன. மானாவாரிப் புன்செயில் சோளத்துடன் ஊடுபயிராக இட்டால் வீட்டிற்குப் பயறும் மாட்டிற்குக் கொடியும் கிடைக்கும். அறுவடையில் மண்வெட்டி பட்ட கிழங்குகள் சந்தையில் விலைபோகா. அவற்றை உடனே வீட்டுச் சமையலில் செலவிடுவதே உத்தமம். கிராம உத்தியோகஸ்தர்கள் இம்முறையைத் தத்தம் கிராமத்தில் ஒருமுறை செய்துகாட்டுவார்களாயின், விளைந்தது வீணாகாமல் குடும்பத்தின் தேகபலமாக மாறும்.