வகுப்பில் பேச்சும் போர்வையில் கோணலும்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களைப் பரிசீலனை செய்யச் செல்லும் நமக்குக் கணக்கில் காணும் பிழைகளைத் திருத்துவது கடினமன்று. செலவுக்குச் சீட்டு உண்டு. சீட்டு இல்லாவிடத்துக் காரணம் கேட்கலாம். ஆனால், அங்கத்தினர் ஒருவர்மீது மற்றவர் கொள்ளும் மனத்தாங்கலுக்குச் சீட்டு ஏது? அத்தகைய மனத்தாங்கல் ஒன்று மனுவாகி நம் கைக்கு வந்தது. அதிலிருந்து நாம் கற்றவை, பயிற்சி வகுப்பு நடத்தும் எல்லாச் சங்கங்களுக்கும் பயன்படக்கூடும் என்று கருதி இங்கே எழுதுகிறோம்.

அச்சங்கத்தில் தேங்கிக் கிடந்த வெட்டுத் துண்டுகளைச் சதுரங்களாக அறுத்து இணைத்து, நடுவே பஞ்சு வைத்துத் தைத்துப் போர்வையாக்கக் கற்பிக்கும் வகுப்பு சனிக்கிழமைதோறும் நடைபெற்று வந்தது. வடநாட்டார் ரஜாய் என்று கூறுவது இத்தகைய பஞ்சுப் போர்வையையே. அங்கத்தினர் குடும்பங்களைச் சேர்ந்த 14 பெண்கள் கற்று வந்தனர். முதலில் தைத்த ஐந்து போர்வைகளையும் கோணல் என்று கூறிக் கடைக்காரர் ஒருவர் திருப்பிவிட்டார். மறு வாரமே ஆறு பேர் கையொப்பமிட்ட மனு ஒன்று சங்கத்திற்கு வந்தது. ஓர் அம்மையார் ஓயாது பேசுகிறார். அவருடைய கைப்பேசி அடிக்கடி ஒலிக்கிறது. ஆசிரியை கூறியதையே மீண்டும் மீண்டும் கேட்கிறார். ஆகையால் அவரை வகுப்பினின்றும் நீக்க வேண்டும் என்பது அதன் சாரம். நாம் சென்ற அன்று நீக்கத் தீர்மானம் எழுதப்பெற்று, கையொப்பம் மட்டுமே எஞ்சியிருந்தது.

இது சிறு பூசல் என்று தள்ளத்தக்கதன்று. இவ்வேலையில் கவனம் சிதறினால் விளையும் நஷ்டத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நான்கரை அங்குலச் சதுரங்கள் ஒன்பதை ஒரு வரிசையாக இணைப்பதாகக் கொள்வோம். தையலுக்காக ஒவ்வோர் ஓரத்திலும் கால் அங்குலம் விடுவது முறை. எட்டுத் தையல்களும் முடிந்தபின் வரிசையின் நீளம் 36½ அங்குலம் இருத்தல் வேண்டும். பேச்சுக்குச் செவிகொடுத்தவாறு தைப்பவர், ஒவ்வொரு தையலிலும் ஒரு வீசம், அதாவது 1/16 அங்குலம், உள்ளே தள்ளித் தைத்துவிட்டார் என்போம். இரு துண்டுகளிலும் சேர்ந்து ஒரு தையலுக்கு அரைக்கால் அங்குலம் குறையும். எட்டுத் தையல்களுக்கு ஓர் அங்குலம் குறைந்து, வரிசை 35½ அங்குலமாகிவிடும். அடுத்த வரிசையைச் சரியாகத் தைத்தவரும் இதனோடு இணைக்கும்போது சுருக்கத்தையே காண்பார். ஒருவர் தவறு இருவர் உழைப்பையும் வீணாக்குகிறது. கூட்டுவேலையின் இயல்பு இதுவே.

தீர்மானத்தில் கையொப்பமிடுமுன் ஒரு சனிக்கிழமை பொறுக்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொண்டு, நாம் வகுப்பின் ஓரத்தில் அமர்ந்து கவனித்தோம். திருப்பப்பெற்ற போர்வைகளையும் அளந்து பார்த்தோம். மனுவில் கண்ட குறைகள் பொய்யல்ல. ஆயினும் கோணல் வரிசைகள் அவ்வம்மையார் தைத்தவை அல்ல. அவர் பேச்சைக் கேட்கத் திரும்பியவர்கள் தைத்தவை. அவர் அமர்ந்திருந்த இடம் தறிக்கூடத்தை ஒட்டிய வாயிலருகே இருந்தது. தறியோசையில் ஆசிரியையின் சொல் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஆகவே திரும்பக் கேட்டார். வீட்டில் படுக்கையிலுள்ள மாமியாரைத் தம் சிறு பெண்ணின் பொறுப்பில் விட்டு வந்தமையால் கைப்பேசியை அணைக்க அவருக்கு மனமில்லை. மனுவில் முதற் கையொப்பமிட்டவரோ, ஆசிரியை இருக்கும்போதே பிறர் துணியை வாங்கிப் பிரித்துத் தாமே திருத்திக்கொண்டிருந்தார். உதவியென்று அவர் கருதினார். மற்றவர்களுக்கோ அதுவும் இடையூறாகவே இருந்தது.

பேச்சே கூடாது என்று விதி செய்துவிடலாமே என்று சிலர் கூறினர். அது பொருந்தாது. அமெரிக்க நாட்டில் அலபாமா மாநிலத்து வில்காக்ஸ் வட்டாரத்தில், வறுமையிலும் நிற வேற்றுமைக் கொடுமையிலும் உழன்ற கறுப்பினப் பெண்கள் 1966ஆம் ஆண்டு பஞ்சுப் போர்வை தைக்கும் கூட்டுறவு ஒன்றை நிறுவினர். 'ஃப்ரீடம் குவில்ட்டிங் பீ' என்பது அதன் பெயர். 2012ஆம் ஆண்டு வரை அது நிலைத்திருந்தது. அப்பெயரிலுள்ள 'பீ' என்னும் சொல், பலர் ஒன்றுகூடிப் பேசியும் பாடியும் வேலை செய்யும் வழக்கத்தைக் குறிப்பது. போர்வைத் தையலும் பேச்சும் பழைய உறவினர்களே என்பது இதனால் விளங்கும்.

ஆகவே, எந்த வேலை பேச்சைத் தாங்கும், எது தாங்காது என்று பிரித்தறிவதே முதற் படி. நம் தொழிலிலும் இது புதிதன்று. தார் சுற்றும்போது ஊர்க்கதை பேசலாம். அச்சில் இழை கோக்கும்போது பேசினால் எண்ணிக்கை தவறும். நடவின்போது பாட்டு உண்டு. பயிருக்கு மருந்து அளக்கும்போது பாட்டு இல்லை. அதுபோலவே துணியை அளத்தல், அறுத்தல், இயந்திரத்தில் இணைத்தல் ஆகியவற்றை அமைதி வேளையில் செய்க. மூன்றடுக்கையும் சேர்த்துக் கையால் ஓட்டுத் தையல் போடும் வேளையில் பேச்சுக்குத் தடை வேண்டா. ஒரு மணி நேரம் அமைதி, பின்னர் பேச்சுக்கும் இடம் என்று முறை வகுத்தால் பெரும்பாலோர் கட்டுப்படுவர்.

இரண்டாவது, குறையை அவரிடமே முதலில், தனியே, மரியாதையாகக் கூறுதல். "அக்கா, இந்த வரிசை முடியட்டும், கைத்தையல் போடும்போது பேசுவோம்" என்று அருகிலிருப்பவர் ஒருமுறை கூறியிருந்தால் மனுவுக்கே இடமிராது. அவரிடம் கூறாமல் மற்ற பன்னிருவரிடம் கூறுவது குறையைத் தீர்க்காது, பகையையே வளர்க்கும்.

மூன்றாவது, இடமாற்றம். கேள்வி மிகுதியாகக் கேட்பவரை ஆசிரியைக்கு அருகில் அமர்த்துக. அளவுகளைக் கரும்பலகையில் எழுதி வைத்தால் ஒருமுறைக்கு மேல் கேட்க நேராது. நேரங்கழித்து வருபவருக்கு வாயிலருகே இடம் விட்டுவைத்தால், அவர் நுழைவதால் எவர் கையும் நில்லாது. கைப்பேசிகளை ஒலியடக்கி மேசைமேல் வைக்கலாம். வீட்டில் நோயாளி உள்ளவர்கள் சங்க அலுவலகத்தின் எண்ணைக் கொடுத்துவரலாம். கைதேர்ந்தவருக்கோ தொழில் கொடுக்க வேண்டும். கேளாமல் திருத்தும் அம்மையாரிடம் முடிந்த வரிசைகளை அளந்து பார்க்கும் பொறுப்பை ஒப்புவித்தால், அவர் திறமை வகுப்புக்கே பயன்படும்.

இவ்வளவும் செய்தபின் திருந்தாதவர் இருப்பின், வாய்தா தவறியவரிடம் சங்கம் நடந்துகொள்ளும் முறையையே பின்பற்றுக. அறிவிப்புக் கொடுத்து, அவர் தரப்பைக் கேட்டு, தவணை அளித்து, அதன்பின்னரே முடிவு செய்க. கேளாமல் நீக்குவது கூட்டுறவு நெறியன்று. 1995ஆம் ஆண்டு அனைத்துலகக் கூட்டுறவு அமைப்பு வகுத்த ஏழு கோட்பாடுகளுள் கல்வியும் பயிற்சியும் ஐந்தாவதாக இடம் பெற்றுள்ளன. வகுப்பில் ஓர் இடம் என்பது சலுகையன்று. அங்கத்தினர் குடும்பத்திற்கு அது பிழைப்புக்கு வழி.

அச்சங்கத்தில் தீர்மானம் கிழிக்கப்பெற்றது. அவ்வம்மையார் முன்வரிசைக்கு வந்தார். அமைதி வேளையில் இன்னும் சில சொற்கள் அவர் வாயினின்றும் தவறி விழத்தான் செய்கின்றன. அருகிலிருப்பவர் சுட்டுவிரலை உதட்டில் வைத்தால் நகைத்து நிறுத்திக்கொள்கிறார். மனுவில் கையொப்பமிட்டவருள் ஒருவர் மனம் ஒப்பாமல் வகுப்பை விட்டு நின்றுவிட்டார். அவரையும் அழைத்து வருமாறு கூறி வந்துள்ளோம். அடுத்து அனுப்பிய போர்வைகளைக் கடைக்காரர் ஏற்றுக்கொண்டார்.

அங்கத்தினர்கள் தங்கள் சங்கத்தில் கூடி ஆராய்வதற்கு மூன்று வினாக்கள்:

1. நம் சங்கத்து வேலைகளுள் பேச்சைத் தாங்குபவை எவை, தாங்காதவை எவை?

2. நம்மை இடையூறு செய்பவரிடம் நாம் நேரில் ஒருமுறையேனும் கூறியதுண்டா?

3. பிறர் கவனத்தை நாம் எவ்வகையில் கலைக்கிறோம்?

மூன்றாவது வினாவுக்கு விடை காண்பவர், முதலிரண்டையும் எளிதில் கடந்துவிடுவார்.