நீரில் விழுந்த போனை அரிசியில் போடலாமா?

பாபநாசத்தில் வயல் வரப்பில் நடந்தபோது அப்பாவின் போன் வாய்க்காலில் விழுந்துவிட்டது. நெல் விளையும் ஊராயிற்றே! அம்மா உடனே அதை அரிசி டின்னில் புதைத்து வைத்தார். மறுநாள் காலை நான்தான் ஆன் செய்தேன். திரை ஒரு நிமிடம் ஒளிர்ந்து அணைந்தது. மறைந்த பாட்டியின் படங்கள் அதில்தான் இருந்தன.

இன்ஜினியரிங் படித்தும் நான் செய்த தவறு என்ன? வாய்க்கால் நீரில் உப்புகள் கரைந்துள்ளதால் அதில் மின்சாரம் பாயும். ஈரத்தோடு ஆன் செய்தால் ஷார்ட் சர்க்யூட் ஆகும். உலோக இணைப்புகளும் வேகமாக அரிக்கும். அரிசி உள்ளிருக்கும் நீரை இழுத்துவிடாது. அதன் துகள்கள் போனைக் கெடுக்கலாம் என ஆப்பிள் நிறுவனம் 2024-ல் தன் உதவிக் குறிப்பில் எச்சரித்தது.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. உடனே ஆஃப் செய்திடுங்கள். சார்ஜரில் இணைக்க வேண்டாம்.

2. கவர், சிம், மெமரி கார்டு ஆகியவற்றை எடுத்திடுங்கள். பேட்டரியைக் கழற்ற முடிந்தால் அதையும் கழற்றவும்.

3. சார்ஜர் துளை கீழ்நோக்கி இருக்க, உள்ளங்கையில் மெல்லத் தட்டவும்.

4. துணியால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் குறைந்தது ஒரு நாள் வைக்கவும். ஹேர் டிரையர், அடுப்புச் சூடு கூடாது.

5. முக்கியமான தகவல்கள் இருந்தால் ஆன் செய்து சோதிக்காமல் சர்வீஸ் கடைக்குக் கொண்டு செல்லுங்கள். அங்கு திறந்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொண்டு போர்டைச் சுத்தம் செய்வார்கள்.

பேட்டரி வீங்கினாலோ சூடானாலோ பயன்படுத்தவே கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, போனில் உள்ள படங்களை இன்றே கம்ப்யூட்டரில் காப்பி செய்திடுங்கள். போனை மீண்டும் வாங்கலாம். பாட்டியின் படத்தை வாங்க முடியாது.