தையல் போடாத புண்

சர்க்கரைக்காரரான அப்பாவுக்கு முதுகில் வந்த கட்டியைக் கீறிச் சீழை எடுத்த சர்ஜன், தையல் போடாமல் விட்டுவிட்டார். பார்க்க வந்த சொந்தக்காரர்களெல்லாம் கேட்டது இதைத்தான்: "ஏன் தைக்கல?" சீழ் பிடித்த இடத்தை மேலாக மூடித் தைத்தால் உள்ளே மறுபடியும் சீழ் கோக்கும். குழியின் அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வரவேண்டும். அதுவரை வாய் மூடிக்கொள்ளாமல் இருக்கத்தான் உள்ளே காஸ் துணி வைப்பது.

தினமும் கட்டு மாற்றும் வேலை என் பொறுப்பு. காஸைத் திணிக்கக் கூடாது, சலைனில் நனைத்துப் பிழிந்து, தளர்வாக வைக்கவேண்டும் என்று சிஸ்டர் செய்து காட்டினார். இறுக்கினால் ரத்த ஓட்டம் தடைபடும். துண்டு துண்டாக வேண்டாம். ஒரே நீளத் துண்டாக வைத்து நுனியை வெளியே விடுங்கள். உள்ளே ஒரு துண்டு தங்கினாலும் வம்புதான். பழைய காஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் வெடுக்கென்று இழுக்காதீர்கள், புதுச்சதையும் பிய்ந்து வரும். சலைன் விட்டு ஊறவைத்தால் கழன்றுவிடும். டாக்டர் எழுதிய வலி மாத்திரையை அரைமணி நேரம் முன்பே கொடுத்துவிட்டால் அப்பா பல்லைக் கடிப்பது பாதியாகக் குறையும். பெரிய சலைன் பாட்டில் லாபம் போலத் தெரியும். ஆனால் திறந்ததை மறுநாளுக்கு வைக்கக் கூடாது. 100 மில்லி பாட்டிலே போதும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதைச் சொல்லவே வேண்டியதில்லை.

மாதுளை முத்துப்போலச் சிவந்து, பொடிப்பொடியாக, ஈரமாக இருந்தால் புண் ஆறுகிறது. துடைக்கும்போது லேசாக ரத்தம் கசிந்தாலும் பயமில்லை. நாற்றம், சீழ், சுற்றிலும் படரும் சிவப்பு, காய்ச்சல், இதில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்கு. ஒரே வெளிச்சத்தில் தினம் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத மாற்றம் அதில் தெரியும், டாக்டரிடம் காட்டவும் ஆகும்.

மஞ்சள்தூள், தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம். நுரைக்கிறதே என்று ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றுவோரும் உண்டு; அது புதுச்சதையையும் சேர்த்தே அரிக்கும்.

அடுத்து பத்தியம். "முட்டை சீழ் வைக்கும்" என்று தடை போட்டார் அத்தை. புரதம் இல்லாமல் சதை எங்கிருந்து வளரும்? கிட்னிக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும். புண்ணுக்கு உண்மையான எதிரி சுகர்தான். குளுக்கோமீட்டரில் எண் ஏறிய நாட்களில் புண் இருந்த இடத்திலேயே நின்றது. முட்டை கூடாதென்ற அத்தை வாங்கிவந்தது அரைக்கிலோ அல்வா. அதை நாங்கள் சாப்பிட்டோம். அப்பாவுக்கு அவித்த முட்டை.