பயோமெடிக்கல் பிஎச்.டி. விண்ணப்பம்: படிப்பையும் ஆய்வையும் எழுதும் முறை

பயோமெடிக்கல் இன்ஜினியரிங்கில் பிஎச்.டி. சேர விண்ணப்பிக்கும்போது, உங்கள் கல்வி, ஆய்வுப் பின்னணியை ஒன்றிரண்டு பக்கங்களில் எழுதித் தரச் சொல்வார்கள். நல்ல மாணவர்கள் பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். மதிப்பெண் பட்டியலில் ஏற்கெனவே இருப்பதை வாக்கியமாக்கி, மருத்துவத்தின் மீது சிறுவயது முதல் உள்ள ஆர்வத்தையும் சேர்த்து முடித்துவிடுகிறார்கள். தேர்வுக் குழுவினர் தேடுவது வேறு. ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு இவர் எவ்வளவு தூரம் போனார், தன் வேலை எங்கே நின்றது என்று இவருக்கே தெரியுமா என்றுதான் பார்ப்பார்கள்.

ஆகவே முதலில் விண்ணப்பப் படிவத்தைத் திறக்காதீர்கள். ஒரு தாளில் இதுவரை செய்த ப்ராஜெக்ட், இன்டர்ன்ஷிப், வேலை அனைத்தையும் எழுதுங்கள். ஒவ்வொன்றின் கீழும் என்ன கேள்வி, எந்தத் தரவு அல்லது பொருள், என்ன விடை, எது மிச்சம் என்று குறியுங்கள். நான்கு பேர் சேர்ந்து செய்ததென்றால் உங்கள் பங்கைத் தனியே பிரித்தெழுதுங்கள். சர்க்யூட்டை வடிவமைத்தது நீங்கள், நிரல் எழுதியது உங்கள் தோழி என்றால் அப்படியே சொல்லுங்கள்.

அடுத்தது, எந்தத் துறையிலிருந்து வருகிறீர்கள் என்பது. ஈசிஇ, மெக்கானிக்கல், இயற்பியல், எம்பிபிஎஸ் எதுவாக இருந்தாலும் தயங்க வேண்டாம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் இதய அறுவை மருத்துவர் வலியத்தான் தலைமையில் உருவான சித்ரா இதய வால்வுக்குப் பின்னால் உலோகவியல், பாலிமர், ரத்த ஓட்ட இயக்கவியல், அறுவை சிகிச்சை எல்லாம் சேர்ந்திருந்தன. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது நான்காவது மாதிரி. முந்தையவை சோதனையில் தேறவில்லை. உங்கள் துறை இந்தக் கூட்டு வேலைக்கு எதைக் கொண்டுவரும், எதை நீங்கள் இனிமேல்தான் கற்க வேண்டும் என்று இரண்டு வாக்கியங்களில் எழுதுங்கள். உடலியங்கியல் படித்ததில்லை என்றால் அதை மறைக்க வேண்டியதில்லை.

இனி பக்கத்தின் உயிர்நாடியான ஆய்வுப் பத்தி. விண்ணப்பங்களில் அடிக்கடி வரும் வகை வாக்கியம் ஒன்றைப் பார்ப்போம்: "செயற்கை நுண்ணறிவைக் கொண்டு இதயத் துடிப்புக் கோளாறுகளை 99 சதவீதத் துல்லியத்துடன் கண்டறிந்தேன்." படிக்கும் பேராசிரியருக்கு உடனே சந்தேகம் வரும். இத்தகைய வேலைக்குப் பலரும் எடுப்பது எம்ஐடி-பிஐஎச் ஈசிஜி தொகுப்பு. 1975 முதல் 1979 வரை பாஸ்டனில் பதிவானவற்றிலிருந்து தேர்ந்த 48 அரைமணி நேரப் பதிவுகள் அதில் உள்ளன. ஆட்கள் 47 பேர்தான். ஒரே நோயாளியின் துடிப்புகளில் பாதியைப் பயிற்சிக்கும் மீதியைச் சோதனைக்கும் வைத்தால், மென்பொருள் நோயைக் கற்காமல் அந்த ஆளையே அடையாளம் கண்டுவிடும். 2004இல் வந்த ஓர் ஆய்வு, பேஸ்மேக்கர் வைத்தவர்களின் 4 பதிவுகளை நீக்கி, மீதி 44ஐ 22, 22 ஆகப் பிரித்தது. ஒரே பதிவின் துடிப்புகள் இரண்டு பக்கமும் வராதபடி பிரித்த அந்த முறையைத்தான் கவனமுள்ள ஆய்வாளர்கள் பின்பற்றுகிறார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. தொகுப்பில் பெரும்பகுதி இயல்பான துடிப்புகளே. எல்லாவற்றையும் இயல்பு என்று சொல்லும் மென்பொருளுக்குக்கூட மதிப்பெண் நன்றாக வரும்.

அதே வேலையை இப்படி எழுதலாம்: "துடிப்புகளைக் கலந்து பிரித்தபோது துல்லியம் மிக அதிகமாக இருந்தது. நோயாளிவாரியாகப் பிரித்ததும் இறங்கியது. மேலறையில் முன்கூட்டியே எழும் துடிப்புகளில்தான் பிழை அதிகம். அவற்றின் அலைவடிவம் இயல்பானதைப் போலவே இருக்கிறது. வரும் நேரம்தான் மாறுகிறது. எனவே துடிப்பிடை நேரத்தையும் உள்ளீடாகச் சேர்த்தேன்." உங்கள் எண்களை இதில் நிரப்புங்கள். எண் சிறியதாக இருந்தாலும் இந்த வாக்கியங்களை எழுதியவரை நேர்முகத் தேர்வுக்கு அழைக்கத் தோன்றும்.

மருத்துவமனையில் வென்டிலேட்டர், டயாலிசிஸ் இயந்திரங்களைப் பராமரித்த அனுபவம் இருந்தால் அதை "வெறும் வேலை" என்று விட்டுவிடாதீர்கள். எந்தக் கருவி எதனால் அடிக்கடி பழுதாகிறது, செவிலியர்கள் எந்த அலாரத்தை ஏன் அணைத்துவிடுகிறார்கள் என்று நேரில் கண்டவரிடம் ஆய்வுக்கான கேள்விகள் நிறைய இருக்கும். நோயாளிகளின் தரவைத் தொட்டிருந்தால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பற்றி ஒரு வரி அவசியம். விலங்குச் சோதனைக்குத் தனிக் குழு உண்டு. நோயாளியின் பெயரோ, அடையாளம் தெரியும் ஸ்கேன் படமோ விண்ணப்பத்தில் வரவே கூடாது.

கட்டுரைகளைப் பட்டியலிடும்போது வெளியானது, ஏற்கப்பட்டது, பரிசீலனையில் உள்ளது என்று பிரித்துக் காட்டுங்கள். பணம் கட்டினால் எதையும் வெளியிடும் இதழ்களில் போட்டவை உங்களுக்கு எதிராகத்தான் பேசும். கட்டுரையே இல்லையென்றாலும் கவலை வேண்டாம். கவனமாகச் செய்த ஓர் இறுதியாண்டு ப்ராஜெக்ட் போதும். மதிப்பெண்களுக்கு இரண்டு வரி போதும். கேட் தேர்வில் 2020 முதல் பயோமெடிக்கலுக்குத் தனித் தாள் உள்ளது. மதிப்பெண் மூன்றாண்டுகள் செல்லும். நான்காண்டுப் பட்டத்தோடு நேரடியாக பிஎச்.டி. சேர 2022ஆம் ஆண்டின் யுஜிசி விதிப்படி 75 சதவீதம் வேண்டும். அதற்கு மேல் சில நிறுவனங்கள் தனி நிபந்தனை வைக்கும் என்பதால் அறிவிப்பை முழுதாகப் படியுங்கள்.

கடைசிப் பத்தியை ஒவ்வொரு நிறுவனத்துக்கும் புதிதாக எழுதுங்கள். யாரைக் கைடாக விரும்புகிறீர்களோ அவருடைய அண்மைக் கட்டுரைகளில் இரண்டையாவது படித்து, உங்கள் மிச்சக் கேள்வி அவற்றில் எதைத் தொடுகிறது என்று சொல்லுங்கள். சமுதாயத்துக்குத் தொண்டாற்ற விருப்பம் என்ற வரியை எடுத்துவிடலாம். அந்த இடத்தில் எந்த நோயாளிக்கு என்ன மாறும் என்று எழுதுங்கள்.

முடித்ததும் வேறு துறைக்காரர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, புரிந்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேச வருகிறதா என்று நீங்களே சோதியுங்கள், வராததை அடித்துவிடுங்கள். பிறகு அதே பக்கத்தைப் பரிந்துரைக் கடிதம் தரும் ஆசிரியர்களுக்கு, கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள்.