உதிர மறந்த இலை

சிரஞ்சீவி மீனாட்சிக்கு ஆசீர்வாதம்.

கொல்லையில் தன்னிச்சையாய் முளைத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியின் இலையைக் கஷாயமிட்டுக் குடித்தால் புற்றுநோய் தீரும் என்று அடுத்த வீட்டு அம்மாள் தம் தம்பிக்காகக் காய்ச்சிக் கொண்டிருப்பதாகவும், அது மெய்தானா என்றும் கேட்டு நீ எழுதிய கடிதம் நேற்றுக் கிடைத்தது. அவர் நம்பிக்கையில் ஓர் உண்மை உண்டு. உயிருக்கே அபாயமான ஒரு பிழையும் உண்டு.

முதலில் மரணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், அஞ்சாதே. தவளைக்குஞ்சின் வால் மறைவதும், கருவிலுள்ள சிசுவின் விரலிடைச் சவ்வு நீங்கி விரல்கள் தனித்தனியே பிரிவதும், அவ்வவ்விடத்து உயிரணுக்கள் தம் காலம் முடிந்ததும் சுருங்கி, தம் உட்பொருளைத் தாமே துண்டித்து, அண்டையிலுள்ளவற்றுக்கு யாதொரு தீங்கும் இழைக்காமல் மறைந்து போவதனாலேதான். 1972-இல் கெர், வில்லி, கர்ரி என்னும் மூன்று அறிஞர்கள், இலை உதிர்வதைக் குறிக்கும் ஒரு கிரேக்கச் சொல்லைக் கொண்டு இந்த ஒழுங்கான மரணத்துக்கு 'அப்போப்டோசிஸ்' என்று பெயரிட்டார்கள். எத்தனை பொருத்தமான பெயர்! புற்றுநோயின் அணுவோ உதிர மறந்த இலை.

அதற்கு உதிர்தலை நினைவூட்டும் சக்தி நித்தியகல்யாணியில் இருப்பது தற்செயலாகவே தெரிய வந்தது. ஜமைக்காத் தீவில் நீரிழிவுக்கு இவ்விலையைக் காய்ச்சிக் குடிப்பது வழக்கம். 1952-இல் அங்கிருந்து ஓர் உறையில் வந்த இலைகளைக் கனடா தேசத்து டாக்டர் கிளார்க் நோபிள், மேற்கு ஒன்டாரியோ சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்துவந்த தம் தம்பி ராபர்ட்டிடம் ஒப்படைத்தார். சாற்றை எலிகளுக்குச் செலுத்தியதில் சர்க்கரை குறையவில்லை. இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் குறைந்தன. எலும்பு மஜ்ஜை நலிந்தது. எண்ணியது பலிக்கவில்லையென்று இலைகளைக் குப்பையில் கொட்டாமல், வெள்ளை அணுக்களைக் குறைக்கும் பொருள் அவை வரம்பின்றிப் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு ஔஷதமாகலாம் என்று ராபர்ட் எண்ணினார் பார், அந்த ஒரு கணத்தை நான் பல முறை நினைத்து வியந்திருக்கிறேன். ரசாயன அறிஞர் சார்லஸ் பீர் துணையுடன் பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின் 1958-இல் உலகறிய வந்தது. அதன் உடன்பிறப்பான வின்கிரிஸ்டின் 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயில் இன்று பெரும்பாலோர் பிழைப்பதற்கு, மற்ற மருந்துகளோடு சேர்ந்து, இதுவும் ஒரு காரணம்.

இதன் செய்கையைக் கேள். உயிரணு இரண்டாகப் பிளக்கும்போது, குரோமோசோம்களை இரு புறமும் இழுத்துச் செல்ல டுபுலின் என்ற புரதத்தாலான நுண்ணிய குழல்கள் வேண்டும். இம்மருந்து டுபுலினைப் பற்றிக்கொள்வதால் குழல்கள் உருவாவதில்லை. அணு பாதிப் பிளவில் ஸ்தம்பித்து, தன் மரணக் கட்டளையைத் தானே பிறப்பித்துக்கொள்கிறது. பசிபிக் யூ மரத்துப் பட்டையிலிருந்து கிடைத்த டாக்ஸால் இதற்கு நேர்மாறாகக் குழல்களைக் கலையவொட்டாமல் இறுக்கியே அதே முடிவுக்குக் கொண்டு செல்கிறது. நம் மஞ்சளின் குர்குமினும் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் புற்றணுக்களை மாய்ப்பது உண்மையே; ஆயினும் உண்ட மஞ்சளிலிருந்து அது இரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம்.

இப்போது பிழைக்கு வருகிறேன். ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்கு ஏறக்குறைய அரை டன் உலர்ந்த இலை வேண்டும்; பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு ஏற்றும் அளவோ பெரும்பாலும் இரண்டு மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. அதையும் நரம்பு மரத்துப் போகாமல் கண்காணித்து, இரத்தக் குழாய் வழியே மட்டும் செலுத்துகிறார்கள். இலையிலோ நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் கலந்து கிடக்கின்றன. கஷாயத்தில் எது எவ்வளவு இறங்கியது என்பதை எந்த வீட்டு அடுப்பாலும் அளக்க முடியாது.

ஆகையால் இன்றே அந்த அம்மாளிடம் போ. இலையைப் பழிக்காதே; அவர் அன்பையும் பழிக்காதே. தம்பி எத்தனை நாள் குடித்தார் என்பதை மட்டும் மெல்லக் கேட்டறிந்து, அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்.

உன் அன்புள்ள மாமா