முதல் நாள் ஊசி: கல்லீரல் வைரஸ்கள் பற்றிய கேள்வி-பதில்

கீழாநெல்லிச் சாறு குடித்தே மஞ்சள் காமாலை குணமாகும்போது இரத்தப் பரிசோதனை எதற்கு?
*வாசகர், திருச்சி*

காமாலை நோயன்று, பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமி இரத்தத்தில் மிகுந்துவிட்டதைக் காட்டும் அறிகுறியே அது. அசுத்தமான நீராலும் உணவாலும் பரவும் ஏ, இ வகை ஹெபடைடிஸ் வைரஸ்களால் வரும் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடுவதால், அந்நாட்களில் எதை உட்கொண்டாலும் அதுவே குணப்படுத்தியது என்ற பெயர் அதற்குக் கிடைத்துவிடுகிறது. பி வைரஸைக் கீழாநெல்லி அகற்றக்கூடும் என்று 1988-இல் லான்செட் இதழில் வெளிவந்த சென்னை ஆய்வு நம்பிக்கை ஊட்டியது; எனினும் பின்னர் பிற இடங்களில் நடந்த சோதனைகள் அதை உறுதிப்படுத்தவில்லை. எந்த வைரஸ் என்று அறியாமல் நாட்களைக் கடத்துவது பெரும்பிழை. இ வைரஸ் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தொற்றினால், தாய்மாரில் 20 முதல் 25 விழுக்காட்டினர் வரை இறக்க நேரிடுகிறது.

பி தொற்று உள்ளவருடன் ஒரே தட்டில் சாப்பிடலாமா?
*வாசகி, மதுரை*

சாப்பிடலாம். சவரக் கத்தி, பல் துலக்கும் பிரஷ் போன்றவற்றைப் பகிரக்கூடாது.

சி வைரஸுக்கு மூன்று மாத மாத்திரை போதும் என்கிறார்கள். பி-க்கு மட்டும் ஏன் ஆண்டுக்கணக்கில்?
*வாசகர், வேலூர்*

1989-இல் இனங்காணப்பட்ட சி வைரஸ் ஆர்.என்.ஏ. மரபுப்பொருளைக் கொண்டது, அது கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் நுழைவதில்லை என்பதால், அது பெருகுவதை 8 முதல் 12 வாரங்கள் தடுத்தாலே 95 விழுக்காட்டுக்கு மேற்பட்டோரிடம் அடியோடு மறைந்துவிடுகிறது. பி வைரஸோ தன் டி.என்.ஏ.வை மூடிய வளையமாக்கி உட்கருவிலேயே நிறுத்திக்கொள்கிறது. இன்றைய மாத்திரைகள் புதிய வைரஸ் உருவாவதைத் தடுக்கின்றனவே தவிர, பத்தாயத்து விதைநெல்போலத் தங்கியிருக்கும் அந்த வளையத்தை அழிப்பதில்லை. ஆகவே மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தினால் வைரஸ் மீண்டும் பெருகிக் கல்லீரலைக் கடுமையாகத் தாக்கக்கூடும்.

பிறந்த அன்றே ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட வேண்டுமா? ஆறாவது வாரத்தில் போட்டால் போதாதா?
*வாசகி, சேலம்*

போதாது. பி வைரஸ் பெரியவர்களைத் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவானோரிடமே நிலைத்துத் தங்குகிறது. பிறந்த குழந்தையைத் தொற்றினால் நூற்றில் சுமார் தொண்ணூறு குழந்தைகளிடம் ஆயுள் முழுதும் தங்கி, பல ஆண்டுகளுக்குப் பின் கல்லீரல் சுருங்கும் சிரோசிஸுக்கும் புற்றுநோய்க்கும் வழிவகுக்கக்கூடும். குழந்தைக்கு அது பெரும்பாலும் பிரசவத்தின்போது தாயின் இரத்தம் வழியாகவே பரவுகிறது என்பதால், முதல் 24 மணி நேரத்துக்குள் போடும் ஊசியின் வேலையை ஆறாவது வார ஊசி செய்ய இயலாது. தாய்க்குத் தொற்று உள்ளது எனத் தெரிந்தால், குழந்தைக்கு எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலினும் சேர்த்துத் தரப்படுகிறது. பச்சிளங்குழந்தை ஊசியைத் தாங்காது என்னும் அச்சத்துக்கு அடிப்படையே இல்லை. 1984-இல் குழந்தைகளுக்கு இத்தடுப்பூசியைத் தொடங்கிய தைவானில், பிற்காலத்தில் சிறுவர்களுக்கு வரும் கல்லீரல் புற்றுநோயே வெகுவாகக் குறைந்தது. புற்றுநோயைத் தடுக்க வல்ல ஊசி கைக்கெட்டிய இடத்தில் இருக்க, நல்ல நாள் பார்த்தும் வீடு திரும்பிய பின் போடலாமென்றும் அதைத் தள்ளிவைப்பது குழந்தைக்கு இழைக்கப்படும் அநீதி. பிரசவ அறையிலேயே உறவினர் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

உடம்பில் ஒரு குறையுமில்லை. பரிசோதனை எதற்கு?
*வாசகர், நாகர்கோவில்*

உலகச் சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2022-இல் பி, சி வைரஸ்களோடு வாழ்ந்தவர்கள் சுமார் 30 கோடி; அவ்வாண்டில் வைரஸ் ஹெபடைடிஸால் இறந்தவர்கள் 13 இலட்சம். பி தொற்றுள்ளோரில் நூற்றில் பதின்மூன்று பேருக்கே அது கண்டறியப்பட்டிருந்தது. எஞ்சியோரில் பெரும்பாலானோர் குறையேதும் உணராதவர்களே. தொற்று இருப்பது தெரிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. இந்தியாவில் 2018 முதல் தேசியத் திட்டத்தின்கீழ் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசமாகவே அளிக்கப்படுகின்றன. வீட்டில் ஒருவருக்குத் தொற்று இருப்பின் மற்ற அனைவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.