கடவுள் சித்தம் என்று சொல்லுமுன்

வாசிக்க வேண்டிய வேதபகுதிகள்: ரூத் 1, 4 அதிகாரங்கள், லூக்கா 13:1-5, மத்தேயு 26:36-46



இந்தப் பாடம் கிறிஸ்தவக் குடும்பங்களை மனதில் வைத்து எழுதப்படுகிறது. என்றாலும் துன்பம் கோயிலுக்குப் போகிறவர், தேவாலயத்துக்குப் போகிறவர் என்று பார்த்து லயத்துக்குள் நுழைவதில்லை. ஆகவே மற்றச் சமயத்துச் சகோதரர்களும் இதை வாசித்து, தங்களுக்குப் பிரயோசனமானதை எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் என்னுடைய பிழை ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு டிவிசனில் கொழுந்து எடுக்கும் ஒரு தங்கச்சிக்கு எட்டாம் மாதத்திலேயே பிள்ளை பிறந்தது. மூன்றாம் நாள் அது இறந்துபோனது. மழைத் தூறலில் சின்னப் பெட்டியைக் குழியில் வைத்து மண் போட்டார்கள். நலன்புரி அலுவலர் என்ற முறையில் நானும் போயிருந்தேன். ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று எண்ணி, "எல்லாம் கடவுள் சித்தம், மனசத் தேத்திக்கம்மா" என்றேன். அந்தத் தங்கச்சி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். "அப்ப கடவுள்தானுங்களா ஐயா என் புள்ளையக் கொன்னாரு?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் வரவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் திரும்பி வந்துவிட்டேன். அன்றிரவு நித்திரை இல்லை. நாற்பது வருஷமாக ஞாயிறு ஆராதனைக்குப் போகிறேன். சிறு வயதிலிருந்தே கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்கிறேன். தேவனுடைய சித்தம் செய்யப்படட்டும் என்று தினமும் கேட்கும் எனக்கு, அந்தச் சித்தம் என்றால் என்னவென்று சரியாகத் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது. அதன் பிறகுதான் வேதத்தை எடுத்து, இந்த ஒரு கேள்விக்காகவே வாசிக்கத் தொடங்கினேன். அப்படிக் கற்றுக்கொண்ட நான்கு காரியங்களை இங்கே தருகிறேன்.

1. துன்பம் எல்லாம் தண்டனை அல்ல

நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வீட்டில் இழவு விழுந்தால், "என்ன பாவம் செஞ்சாங்களோ" என்று பீலிக்கரையில் பேசிக்கொள்வோம். இயேசுவின் காலத்திலும் அப்படித்தான் பேசினார்கள். எருசலேமில் சீலோவாம் என்ற இடத்தில் ஒரு கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் இறந்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்டார். கேட்டுவிட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். சாகாமல் இருப்பவர்கள் தங்கள் வாழ்க்கையைச் சரிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றார்.

2014-ம் ஆண்டு ஒக்டோபர் 29-ம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்க முடியாது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை என்ற நிலை சிலருக்கு. மண்ணுக்குள் போனவர்கள் நம்மைவிடப் பாவிகளா? ஒருக்காலும் இல்லை. அது மண்சரிவு அபாயமுள்ள இடம் என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆகவே அந்தச் சம்பவத்தை வைத்து நாம் கேட்க வேண்டிய கேள்வி, "அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்" என்பதல்ல. "இருக்கிற நாம் இனி என்ன செய்ய வேண்டும்" என்பதே.

2. மனக்கசப்பைக் கடவுளிடம் சொல்லலாம்

ரூத் புத்தகம் நான்கே அதிகாரம். ஒரு மாலையில் வாசித்து முடிக்கலாம். அதில் வரும் நகோமியின் கதை நம்முடைய பாட்டிமார் கதையைப் போன்றது.

பெத்லகேமில் பஞ்சம். நகோமியும் புருஷன் எலிமெலேக்கும் இரண்டு ஆண் பிள்ளைகளோடு பிழைப்புக்காக மோவாப் தேசத்துக்குப் போகிறார்கள். நம் முன்னோரும் அப்படித்தான் வந்தார்கள். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். காய்ச்சலிலும் கொலராவிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். 1876 முதல் 1878 வரை தமிழ்நாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சமும் பலரைக் கடல் தாண்ட வைத்தது.

மோவாபில் நகோமியின் புருஷன் இறந்தான். பிறகு இரண்டு மகன்மாரும் இறந்தார்கள். ஏறக்குறைய பத்து வருஷத்தில் மூன்று சாவு. கையில் ஒன்றுமில்லாமல் ஊருக்குத் திரும்பியபோது, பெண்கள் அடையாளம் கண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நகோமி என்றால் இனிமை என்று அர்த்தம். அந்தப் பெயர் இனி எனக்கு வேண்டாம், கசப்பு என்று அர்த்தப்படும் மாராள் என்று கூப்பிடுங்கள், சர்வவல்லவர் என்னை வெறுமையாகத் திரும்ப வரச் செய்தார் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்கிறாள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அப்படிப் பேசியதற்காக அந்தப் புத்தகத்தில் யாரும் அவளைக் கண்டிக்கவில்லை. வானத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அவளுடைய கசப்பு வேதத்தில் அப்படியே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. கடவுளை நம்புகிறவர் அழக்கூடாது, கேள்வி கேட்கக்கூடாது என்று நாம் சொல்வது வேதத்தில் இல்லாத சட்டம். கோபித்துக்கொண்டாலும் அவரிடமே பேசுகிறவர், அவரை விட்டுப் போகாதவர்தான்.

3. ஒப்புக்கொடுப்பது வேறு, கையைக் கட்டிக்கொண்டிருப்பது வேறு

கசப்போடு இருந்த நகோமி படுத்துக்கிடக்கவில்லை. ஊரில் மறுபடி ஆகாரம் உண்டு என்று கேள்விப்பட்டவுடன் எழுந்து நடந்தாள். மருமகள் ரூத் வயலில் சிந்திய கதிர் பொறுக்கப் போனாள். வயலின் ஓரத்தை முழுதாக அறுக்காமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட வேண்டும் என்பது மோசேயின் நியாயப்பிரமாணம் (லேவியராகமம் 19:9-10). அதாவது ரூத் யாரிடமும் பிச்சை எடுக்கவில்லை. தனக்கு உரிமையுள்ளதைத் தேடிப் போனாள். பகல் முழுதும் குனிந்து பொறுக்கி, மாலையில் ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமை கொண்டு வந்தாள். மலையில் கொழுந்து எடுத்துத் தராசுக்குக் கொண்டு வரும் நம் பெண்களுக்கு அந்தக் களைப்பு விளங்கும்.

இயேசுவையும் பாருங்கள். சிலுவைக்கு முந்திய இரவில் கெத்செமனேக்குப் போனார். ஒலிவ எண்ணெய் ஆட்டும் செக்கு என்பது அந்தப் பெயரின் அர்த்தம். அங்கே முகங்குப்புற விழுந்து, இந்தப் பாடு என்னை விட்டு நீங்கக்கூடுமானால் நீங்கட்டும் என்று கேட்டார். ஒரு தரம் அல்ல, மூன்று தரம் ஜெபித்தார். எனக்குத் துக்கமாயிருக்கிறது, என்னோடு விழித்திருங்கள் என்று சிநேகிதரிடமும் உதவி கேட்டார். அவ்வளவும் செய்த பிறகுதான் பிதாவின் விருப்பத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். பயமே இல்லாதவர் போல் நடிக்கவில்லை.

ஆகவே நாம் செய்யக்கூடியதைச் செய்யாமல் விட்டு, அதற்குக் கடவுள் சித்தம் என்று பெயர் வைக்கக் கூடாது. நான் தோட்டத்தில் காண்பவற்றை ஒளிக்காமல் எழுதுகிறேன்:

- புருஷன் குடித்துவிட்டு வந்து அடிப்பது கடவுள் சித்தம் அல்ல. அதைப் பொறுத்துக்கொண்டே இருப்பது விசுவாசமும் அல்ல. அலுவலகத்தில் சொல்லுங்கள், குருவானவரிடம் சொல்லுங்கள், தேவையானால் பொலிசுக்குப் போங்கள்.

- ஒரு பேர் போய்விடும் என்று கர்ப்பிணித் தாய் கிளினிக்கை விடுவது கடவுள் சித்தம் அல்ல. கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். தேயிலைச் சாயம் அந்தச் சத்து உடம்பில் சேருவதைக் குறைக்கும். வெறும் தண்ணீரோடோ தேசிக்காய்த் தண்ணீரோடோ குடியுங்கள்.

- மழை நாளில் நிலம் வெடிப்பது, சுவரில் புது வெடிப்பு விழுவது, மரங்கள் சாய்வது, ஊற்றுத் தண்ணீர் திடீரெனக் கலங்குவது அல்லது நின்றுபோவது எல்லாம் மண்சரிவின் அடையாளங்கள். அப்போது ஜெபித்துக்கொண்டே வெளியேறுங்கள். ஜெபித்துவிட்டோம் என்று உள்ளே படுக்காதீர்கள்.

- கடனுக்காகப் பத்தாம் வகுப்புப் பிள்ளையைக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்புவது தலைவிதி அல்ல. அனுப்புமுன் ஒரு தரம் எங்களிடம் வந்து பேசுங்கள்.

நம் சமுதாயத்தின் சரித்திரமும் இதையே சொல்கிறது. 1948-ல் பிரஜாவுரிமை இல்லாமல் போனது. அது நமக்கு எழுதிய எழுத்து என்று எல்லோரும் சும்மா இருந்திருந்தால், நாடற்றவர்களாய் எஞ்சியிருந்தவர்களுக்கு உரிமை கொடுத்த 2003-ம் ஆண்டுச் சட்டம் வந்திருக்காது. எத்தனையோ பேர் மனுக் கொடுத்தார்கள், கூடிப் பேசினார்கள், காத்திருந்தார்கள். ஜெபித்தவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள்.

4. மாற்ற முடியாததில் அவர் கையைப் பிடித்துக்கொள்வது

எல்லாம் செய்த பிறகும் மாறாத காரியங்கள் உண்டு. இறந்த பிள்ளை திரும்பி வருவதில்லை. குளவி கொட்டி இறந்த தகப்பன் எழும்புவதில்லை. சில வியாதிகள் எவ்வளவு மருந்து குடித்தாலும் தீருவதில்லை. பவுல் தன் சரீரத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார் (2 கொரிந்தியர் 12:7-10). முள் எடுக்கப்படவில்லை. தாங்குவதற்குக் கிருபை கொடுக்கப்பட்டது. ஒப்புக்கொடுத்தல் என்று வேதம் சொல்வது இந்த இடத்தில்தான். "எனக்கு விளங்கவில்லை ஆண்டவரே, ஆனாலும் நீர் நல்லவர், என்னை விடாதேயும்" என்று சொல்வதே அது. விளங்கிய பிறகு நம்புவது பெரிய காரியம் அல்ல.

கொழுந்து ரோலரில் அரைபட்டால்தான் நல்ல தூள் வரும், அதுபோலக் கடவுள் நம்மை அரைக்கிறார் என்று நானே கூட்டங்களில் பேசியிருக்கிறேன். இப்போது அப்படிப் பேசுவதில்லை. கொழுந்துக்கு வலி தெரியாது. தாய்க்குத் தெரியும். கடவுள் ரோலருக்குப் பக்கத்தில் நின்று தூளை எண்ணுகிற ஆள் அல்ல. சிலுவையில் தாமே நசுக்கப்பட்டவர்.

நகோமியின் கதை கசப்பில் முடியவில்லை. ரூத் போவாசை விவாகம் செய்து, ஓபேத் என்ற ஆண் பிள்ளை பிறந்தது. நகோமி அதை மடியில் வைத்து வளர்த்தாள். அந்த ஓபேத் தாவீது ராஜாவின் பாட்டன். ஆனால் செத்துப்போன இரண்டு மகன்மாரையும் நகோமி மறந்துவிட்டாள் என்று வேதம் சொல்லவில்லை. புதுப் பிள்ளை பழைய பிள்ளைக்கு ஈடு அல்ல. துக்கத்துக்கு நடுவிலும் கடவுள் வேலை செய்கிறார் என்பதற்கு அது ஒரு அடையாளம் மட்டுமே.

ஆறுதல் சொல்லப் போகிறவர்களுக்கு

யோபுவின் சிநேகிதர் மூவரும் முதலில் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அதுதான். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபோது கெட்டது. கடைசியில் கடவுள் அவர்கள்மேல்தான் கோபித்தார் (யோபு 42:7). இழவு வீட்டுக்குப் போனால் காரணம் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருங்கள். தண்ணீர் எடுத்துக் கொடுங்கள். மற்றப் பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டுக் கொடுங்கள். பிரேதப் பெட்டி, தற்காலிக லீவு, பதிவுப் பத்திரம் என்று அலைகிற வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள்.

நான் சொன்ன அந்தத் தங்கச்சியிடம் ஆறு மாதம் கழித்து என் மனைவியோடு போனேன். சாயத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். "அன்னைக்கு நான் சொன்னது பிழைம்மா. உன் புள்ளையக் கடவுள் கொல்லல்ல. ஏன் அப்படி ஆச்சின்னு எனக்குத் தெரியாது" என்றேன். அவள் கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இத அன்னைக்கே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்குமுங்க ஐயா. இத்தன நாளா நான் கோயில் பக்கமே போகல்ல" என்றாள். போகும்போது வாசல் வரை வந்து, "இப்ப ஜெபம் பண்றேனுங்க. ஆனா அவரோட சண்ட போட்டுக்கிட்டுத்தான்" என்றாள்.

சண்டை போடட்டும். நகோமியும் போட்டாள்.

வீட்டு ஜெபக் கூட்டத்தில் பேசிப்பார்க்க

1. நம் வீட்டில் எந்தக் காரியத்தைக் கடவுள் சித்தம் என்று விட்டுவிட்டோம்? அதில் நாம் செய்யக்கூடியது ஏதாவது மீதி இருக்கிறதா?
2. கடவுளிடம் சொல்லப் பயந்து மனதில் வைத்திருக்கிற கசப்பு எது?
3. நம் லயத்தில் துக்கத்தில் இருக்கும் குடும்பம் எது? இந்த வாரம் அவர்களுக்குக் கையால் செய்யக்கூடிய உதவி என்ன?

ஜெபம்

பரம பிதாவே, மாற்ற வேண்டியதை மாற்ற எங்களுக்குப் பெலன் தாரும். மாற்ற முடியாததில் எங்கள் கையை விடாதேயும். எங்களுக்கு விளங்காத நாட்களிலும் உம்மை நம்ப உதவி செய்யும். அழுகிற வீட்டில் வாயை அடக்கி, கூட இருக்கக் கற்றுத் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.